நீர்யானையின் பெருமூச்சு

"எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை. குழந்தை மட்டும்தான் சிரித்தது. ஒரு நட்சத்திரம்."

குழந்தைகளுக்கான ஒலிக்கதை ஒன்றுக்கு வந்த கருத்து இது. இதை எந்தப் பெட்டியில் போடுவது என்று முடிவு செய்யத்தான் என்னை வேலைக்கு வைத்திருந்தார்கள். கணினித் திரையில் மூன்று பெட்டிகள்: வாசிப்பு, நகைச்சுவை, இதர. கேட்பவர்கள் எழுதி அனுப்புவதைப் படித்து, அது எதைப் பற்றியது என்று புரிந்துகொண்டு, உரிய பெட்டிக்குள் தள்ள வேண்டும். கல்லூரி விடுமுறையில் சும்மா படுத்துக் கிடக்கிறானே என்று அக்கா வாங்கிக் கொடுத்த வேலை. படுத்துக் கிடந்த நாட்களில் எனக்கு இவ்வளவு களைப்பு வந்ததில்லை.

கதை கேட்பது குழந்தைகள். கருத்து எழுதுவது பெரியவர்கள். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பது முதல் வாரமே எனக்குப் புரிந்துவிட்டது. "ஆமை மிக மெதுவாகப் பேசுகிறது" என்று ஒருவர். "வாசிப்பவர் மூச்சு விடுவது கேட்கிறது, இனி தவிர்க்கவும்" என்று இன்னொருவர். "அருமையான கதை. மகன் தூங்கிவிட்டான். நானும் தூங்கிவிட்டேன். முடிவு என்னவென்று யாராவது சொல்ல முடியுமா? ஐந்து நட்சத்திரம்" என்று ஓர் அம்மா. நட்சத்திரம் கதைக்கா தூக்கத்துக்கா என்று தெரியாததால் இதரவில் போட்டேன். "டவுன்லோடு ஆகவில்லை. குரல் இனிமை" என்று எழுதிய மனிதரை மட்டும் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்று இன்றும் ஆசை.

அலுவலகம் என்பது ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடி. கீழே பல் பிடுங்கும் நேரத்தில் மேலே ஒலிப்பதிவு செய்ய முடியாது. முயல் வசனம் பேசும்போது யாரோ அலறினால் கேட்கிற குழந்தை என்ன நினைக்கும்? ஒலிப்பதிவு அறைக்குச் சுவரெல்லாம் பஞ்சு, ஒரு கண்ணாடி ஜன்னல், ஒரு மைக், ஒரு நாற்காலி. நாற்காலி கிறீச்சிடும் என்பதால் பெரும்பாலும் நின்றுகொண்டுதான் படிப்பார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒலிப்பதிவுக்காரர். அவரை எல்லோரும் அண்ணன் என்போம். அவரைவிடப் பத்து வயது மூத்தவர் என்றாலும் முதலாளியம்மாவும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். என் மேசை அந்த அறையின் கதவுக்கு வெளியே, பிரிண்டருக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில் இருந்தது.

அந்த அறையில் நீர்யானைக்குக் குரல் கொடுத்தது என் அக்கா.

அக்காவுக்கு அது சாயங்கால வேலை. பகலில் வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில் போன் எடுப்பாள். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரோ வீட்டில் தண்ணீர் வடியாததற்கும் யாரோ சட்டையில் சாயம் ஏறியதற்கும் நாள் முழுக்க மன்னிப்புக் கேட்பாள். அந்த மெஷின்களில் ஒன்றைக்கூட அவள் தொட்டதில்லை. எங்கள் வீட்டில் துணி கையால்தான் துவைக்கிறோம். மாமாவுக்கு ஊர் ஊராகப் போகிற வேலை. வீட்டில் அக்கா, அவள் மகள் பொடிசு, தங்கிப் படிக்கும் நான்.

நீர்யானை கதை எளிமையானது. காட்டில் நீர்யானைதான் தபால்காரர். ஆற்றில் நீந்திப் போய்க் கடிதம் கொடுக்கும், அதனால் எல்லாக் கடிதமும் நனைந்தே போய்ச் சேரும். எலி வந்து கத்தும், கொக்கு வந்து கத்தும். நீர்யானை "மன்னிச்சுக்கோங்க" என்று தலையைத் தொங்கப் போடும். எழுதியவர் எழுதியது அவ்வளவுதான்.

முதல் கதையைப் பதிவு செய்த அன்று அக்கா ஒரு மோசமான பகலை முடித்துவிட்டு வந்திருந்தாள். மெஷினுக்குள் பூனை போய் உட்கார்ந்துகொண்டு வர மறுக்கிறது, இதற்கு யார் பொறுப்பு என்று ஒருவர் மதியம் முழுக்க அவளைக் காய்ச்சி எடுத்திருக்கிறார். எலி கத்தும் இடம் வந்தது. அக்கா தாளைப் பார்த்தாள். தாளில் "மன்னிச்சுக்கோங்க" என்று இருந்தது. அவள் வாயிலிருந்து முதலில் ஒரு பெருமூச்சு வந்தது. அடி வயிற்றிலிருந்து, மெதுவாக, ஒரு லாரி டயரில் காற்று இறங்குவதைப் போல. பிறகு, "தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம். உங்கள் பொறுமைக்கு நன்றி. வேறு ஏதாவது உதவி தேவையா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. "ஐயோ அண்ணே, வாய் தவறிப் போச்சு. மறுபடி எடுக்கலாம்" என்றாள்.

அண்ணன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். "ஒண்ணும் வேணாம்மா. நீ போ. வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்றார்.

கதை வெளியானதும் குழந்தைகள் பிடித்துக்கொண்டார்கள். சோறு ஊட்ட வந்த அப்பாவிடம் ஒரு குழந்தை பெருமூச்சு விட்டு "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்றதாம். பல் தேய்க்கச் சொன்னதற்கு ஒன்று "வேறு ஏதாவது உதவி தேவையா?" என்று கேட்டதாம். நட்சத்திரங்கள் கொட்டின. தபால் துறையில் இருப்பதாகச் சொன்ன ஒருவர் மட்டும், நீர்யானையைப் பணியில் அமர்த்த விதிகளில் இடமில்லை என்று எழுதினார். இதர.

முதலாளியம்மா அக்காவை அழைத்து உட்கார வைத்தார். எப்போதும் மூக்கு நுனியில் கண்ணாடி, கையில் ஆறிப்போன காபி, அதுதான் அவர்.

"நீர்யானையை வச்சு ஒரு தொடர் பண்றோம்மா. இப்போதைக்கு மூணு கதை. கேக்கறவங்க கருத்து இதே மாதிரி இருந்தா உங்களை இங்கேயே நிரந்தரமா எடுத்துக்கறேன். முழுநேரக் குரல். அந்த வாஷிங் மெஷினை விட்டுடலாம்."

அன்று வீட்டுப் படியேறும்போது அக்கா என் கையைப் பிடித்தாள். "டேய், இனிமே யார்கிட்டயும் ஸாரி சொல்ல வேணாம்டா. சொன்னாலும் எலிகிட்டதான்."

நான் அவளை அப்படிப் பார்த்து நாளாகியிருந்தது. புகார்ப் பிரிவில் சேர்ந்திருந்த விடுப்பை எல்லாம் மொத்தமாக எடுத்தாள். விடுப்பு முடிவதற்குள் இங்கே வேலை உறுதியானால் அங்கே ராஜினாமா. இல்லையென்றால் மறுபடியும் ஹெட்போன். இதுதான் கணக்கு.

விடுப்பில் அக்கா செய்த ஒரே தவறு, தூங்கியதுதான்.

நன்றாகத் தூங்கினாள். மதியமும் தூங்கினாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பு போனது. பொடிசுக்குத் தலை பின்னும்போது பாட்டு முணுமுணுத்தாள். தொண்டைக்கு வெந்நீர், மூச்சுக்குப் பயிற்சி, கண்ணாடி முன்னால் எலிக்குத் தனி முகம், கொக்குக்குத் தனி முகம். தொடரின் முதல் இரண்டு கதைகளை வந்து படித்தபோது குரல் மணி மாதிரி இருந்தது. ஒவ்வொரு எழுத்தும் இஸ்திரி போட்டதுபோல் வந்தது. "உங்கள் பொறுமைக்கு நன்றி!" என்று நீர்யானை சொன்னபோது, ஏதோ பரிசு வாங்கிய நீர்யானை போலிருந்தது.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் கேனைப் பார்த்தேன்.

"எப்படிடா?" என்று வெளியே வந்து கேட்டாள்.

"தெளிவா இருக்குக்கா."

"தெளிவுன்னா?"

"தெளிவுன்னா... எல்லாம் கேக்குது."

கருத்துகள் வரத் தொடங்கின. "யார் இந்தப் புதுப் பெண்? பழைய நீர்யானையைக் கூப்பிடுங்கள்." "நீர்யானைக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டதா? ஏன் இவ்வளவு உற்சாகம்?" "என் மகள் இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு, இது நடிக்கிறது என்று சொல்லி அணைத்துவிட்டாள்." இவற்றை வாசிப்புப் பெட்டியில் போடுவதா நகைச்சுவைப் பெட்டியில் போடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. எதில் போட்டாலும் முதலாளியம்மாவின் மேசைக்குத்தான் போகும்.

முதலில் அண்ணன் ஒரு வழி பார்த்தார். பழைய கதையிலிருந்து அந்தப் பெருமூச்சை மட்டும் வெட்டி எடுத்து, புதிய கதைகளில் வேண்டிய இடத்திலெல்லாம் ஒட்டி, திருத்திய பதிப்பு என்று வெளியிட்டார். யாருக்குத் தெரியப் போகிறது என்றார். மறுநாள் காலை கருத்து: "எல்லாப் பெருமூச்சும் ஒரே பெருமூச்சு. என் பையன் கண்டுபிடித்தான். அவனுக்கு இன்னும் எண்ணக்கூட வராது."

முதலாளியம்மா எங்களைக் கூப்பிட்டார். காபி இம்முறை ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது.

"ஏம்மா, உங்களுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலையே மேடம். நல்லாத்தான் இருக்கேன்."

"அதான் தெரியுதே" என்றார் முதலாளியம்மா. "கோவிச்சுக்காதீங்க. குரல் ரொம்ப நல்லா இருக்கு. குயிலுக்குப் போட்டா கச்சிதம். ஆனா குயில் நம்மகிட்ட ஏற்கெனவே நாலு இருக்கு. நீர்யானைதான் இல்ல. வெள்ளிக்கிழமை மூணாவது கதை. அது சரியா வந்தா உங்க ஆர்டர் ரெடி. வரலைன்னா தொடரை நிறுத்திக்கலாம்."

அக்காவின் விடுப்பும் அந்த வாரத்தோடு முடிகிறது.

வீட்டில் பெருமூச்சுக்கான பயிற்சி தொடங்கியது. அக்கா மாடிப்படியில் ஏறி இறங்கினாள். மூச்சு வாங்கியதே தவிர பெருமூச்சு வரவில்லை. அது ஓட்டப் பந்தயத்தில் தோற்ற நீர்யானை. வீட்டில் உள்ள போர்வைகளையெல்லாம் தூக்கிப்போட்டுத் துவைத்தாள். போர்வை வெளுத்தது. நான் அடுத்த அறையிலிருந்து போன் போட்டேன்.

"ஹலோ, என் மெஷின்ல போட்ட சட்டை சுருங்கிப் போச்சு. இப்ப அது என் பேரனுக்குத்தான் பத்தும். எனக்குப் பேரனும் இல்ல. என்ன பண்ணப் போறீங்க?"

"டேய், போனை வைடா, சிரிப்பு வருது."

"நான் கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்."

"போற வழியில கொத்தமல்லி வாங்கிட்டு வா."

பொடிசு இதையெல்லாம் பாதி பிஸ்கட்டோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. "அம்மா, நான் வேணா ரொம்பப் படுத்தட்டுமா?" என்று கேட்டது. கேட்ட விதத்தில் அத்தனை அக்கறை இருந்ததால் அக்கா அதைத் தூக்கி வைத்துக் கொஞ்சத் தொடங்கிவிட்டாள். அந்த முயற்சியும் போயிற்று.

பிறகு தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். "என்னடா இது அநியாயம்? இத்தனை வருஷமா நல்லாப் படிக்கணும், நல்லாப் படிக்கணும்னு ஆசைப்பட்டேன். இப்பத்தான் நல்லாப் படிக்கறேன். வேணாங்கறாங்க."

எனக்கு மூன்று பெட்டிகள்தான் தெரியும். இது எதிலும் அடங்காது.

வெள்ளிக்கிழமை அக்கா காலையிலேயே என்னோடு வந்துவிட்டாள். ஆனால் அறை காலி இல்லை. உள்ளே கிளிக்குப் பேசுகிறவர் வாய்ப்பாட்டைப் பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார். ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கி விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தார். கீழே பல் மருத்துவமனையிலும் நல்ல கூட்டம். மதியத்துக்கு மேல்தான் என்றார் அண்ணன்.

அக்காவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. என் நாற்காலியில் உட்கார்ந்து, "நீ என்னதான்டா பண்றே இங்க? காட்டு" என்றாள்.

நான் காட்டியிருக்கக் கூடாது. வந்தவற்றில் மோசமானதை அதுவரை அவளுக்குத் தெரியாமல்தான் வைத்திருந்தேன். ஆனால் அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிவிட்டாள்.

முதல் கருத்து: "நீர்யானை தண்ணீரில் இருக்கும்போது குரல் ஏன் ஈரமாக இல்லை?"

"இது என்னடா கேள்வி?"

"இதர."

"இதரன்னு சும்மா விட்டுடறதா? பதில் சொல்ல மாட்டீங்களா?"

"பதில் சொல்ற பழக்கம் இல்லக்கா."

அக்கா முகத்தில் தொழில் தெரிந்தவளின் அதிர்ச்சி தெரிந்தது. ஒருவர் புகார் சொல்லி, அதற்குப் பதிலே போகாமல் இருப்பது அவளால் தாங்க முடியாத விஷயம். கை தானாக விசைப்பலகைக்குப் போயிற்று. "வணக்கம். தங்கள் கருத்துக்கு நன்றி" என்று அடிக்கத் தொடங்கினாள்.

நான் காபி வாங்கப் போய்விட்டு வந்தபோது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கிளி எட்டாம் வாய்ப்பாட்டுக்கு வந்தபோது ஒரு கையைக் கன்னத்துக்குக் கொடுத்திருந்தாள். இதற்குள் ஈரக் குரல்காரரிடமிருந்து மறுபதில் வந்துவிட்டது. தன் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை என்றும், தான் ஒரு சாதாரணக் கேள்விதான் கேட்டதாகவும், இப்போது மேலும் மூன்று கேள்விகள் இருப்பதாகவும். அவருக்குப் பின்னால் தபால் துறைக்காரர். எலிக்கு யார் கடிதம் போட்டார்கள், அது கதையில் வரவில்லையே என்று ஒருவர். எனக்கு நகைச்சுவை உணர்வு நிறைய உண்டு, அதனால்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று ஒருவர். புதுப் பெண்ணைவிடப் பழைய பெண்ணின் குரலில் குடும்பப்பாங்கு இருந்தது என்று ஒருவர்.

"ரெண்டும் நான்தாங்க" என்று அக்கா அடித்தாள். பிறகு அழித்தாள். "தங்கள் கருத்து உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று அடித்தாள்.

"உரிய பிரிவு எது?" என்று கேட்டேன்.

"நீதான்."

மதியம் சாப்பாட்டுக்குக்கூட எழவில்லை. தோள் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தன. கண்ணுக்குக் கீழே அந்தப் பழைய கருப்பு மெல்லத் திரும்பி வருவதை என் கண்ணாலேயே பார்த்தேன். கடைசியாக ஒரு கருத்து. அதை அவள் இரண்டு முறை படித்தாள். "என் பெண்ணுக்கு இந்த நீர்யானை ஏன் பிடித்தது என்றால், அது ரொம்பக் களைப்பாக இருந்தாலும் கோபமே படாது. வேலை முடிந்து வீட்டுக்கு வரும் நான் அப்படி இல்லை. என் பெண் அதை எனக்குச் சொல்லிக் காட்டுகிறாள். பழையபடி படிக்க வையுங்கள். அல்லது தொடரை நிறுத்துங்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான்."

அக்கா பதில் அடிக்கவில்லை. விரல்கள் எழுத்துகளின் மேல் அப்படியே இருந்தன. பிறகு வந்தது. அடி வயிற்றிலிருந்து, மெதுவாக, லாரி டயரில் காற்று இறங்குவதைப் போல.

கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் ஒரு நாற்காலி படாரென்று பின்னால் சாய்ந்தது. அண்ணன் ஹெட்போன் கழுத்தில் தொங்க ஓடி வந்தார். "யாரும் பேசாதீங்க! அவகிட்ட யாரும் பேசாதீங்க! தண்ணி கொடுக்காதே! எழுந்திரும்மா, அப்படியே வா, தோளை நிமித்தாதே."

வாய்ப்பாட்டுக் கிளியை ஒன்பதிலேயே வெளியே அனுப்பினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா தாளைக் கையில் எடுத்தாள். கதையில் இம்முறை நீர்யானை சிங்கத்தின் கல்யாணப் பத்திரிகைகளை நனைத்துவிடுகிறது. சிங்கம் கர்ஜித்தது. பெருமூச்சு வந்தது. "தங்கள் கருத்து உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்றது நீர்யானை.

அது தாளில் இல்லை. அண்ணன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். ஒரே மூச்சில் கதை முடிந்தது. கீழே யாரும் அலறவில்லை.

அன்றே வெளியிட்டார்கள். மறுநாள் முழுக்க நட்சத்திரங்கள். பழைய பெண் திரும்பி வந்ததற்குப் பலர் நன்றி சொன்னார்கள். அந்தப் புதுப் பெண் பாவம், அவளுக்கு வேறு எங்காவது வேலை கொடுங்கள் என்று ஒரு தாத்தா பரிந்துரை செய்தார். பொடிசு கதையைக் கேட்டுவிட்டு, "இதுதான் எங்கம்மா" என்று சான்றிதழ் கொடுத்தது. அதைக் கேட்டு அக்கா சிரித்தாள், ஆனால் உடனே சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை முதலாளியம்மா ஆர்டரை நீட்டினார். நிரந்தரம். முழுநேரம். அக்கா நிதானமாகப் படித்தாள். இரண்டாவது பத்தியில் அவள் கண் நின்றது.

"மேடம், காலையில கேட்போர் கருத்துகளுக்குப் பதில் எழுத வேண்டும்னு போட்டிருக்கே?"

"ஆமாம்மா. பதில் போன எல்லாருமே மறுபடி எழுதியிருக்காங்க. ரொம்ப சந்தோஷப்படறாங்க. அண்ணனும் சொன்னாரு, காலையில அது, மதியத்துக்கு மேல ரெக்கார்டிங்னு வச்சா குரல் பதமா இருக்கும்னு."

"அப்ப இதுவும் புகார்ப் பிரிவுதானா மேடம்?"

"சேச்சே" என்றார் முதலாளியம்மா. "அங்க மெஷினைப் பத்தித் திட்டுவாங்க. இங்க உங்களைப் பத்தி."

அக்கா என்னைப் பார்த்தாள். அவள் பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக. வெளியே வந்து வாஷிங் மெஷின் கம்பெனிக்குப் போன் செய்து, இனி வரமாட்டேன் என்றாள். அந்தப் பக்கம் யாரோ ஏதோ சொன்னார்கள். "உங்கள் பொறுமைக்கு நன்றி" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

எனக்குக் கல்லூரி திறந்துவிட்டது. அந்த நாற்காலியில் இப்போது அக்கா உட்காருகிறாள். போன வாரம் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈரக் குரல்காரருக்கு எத்தனையாவது பதிலோ எழுதிக்கொண்டிருந்தாள். பிரிண்டருக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவில், மேசை மேல், புதிதாக ஒரு சின்ன மைக் நின்றது. அதில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

"இது என்னக்கா?"

"அண்ணன் வச்சாரு" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "காலையில வர்ற மூச்செல்லாம் வீணாப் போகுதாம்."